இரும்புக் கையை நம்புவது

டைட்டன்ஃபால் 2 என்ற வீடியோ கேமில் ஓர் இடம். முன்னால் பெரும் பள்ளம். அக்கரைக்குப் பாலம் இல்லை, தாவிக் கடக்கிற தூரமும் இல்லை. கூட வரும் ரோபோ இரண்டு மாடி உயரம். அது தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உன்னைக் கையில் எடுத்து அந்தப் பக்கம் வீசிவிடுகிறேன், என்னை நம்பு என்கிறது. விளையாடுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம் என் வேலை. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஆலையில் வெல்டிங் ரோபோக்களின் பராமரிப்பு என் பொறுப்பு. எங்கள் ரோபோக்கள் வேலிக்குள் நிற்கும். வேலிக் கதவைத் திறந்த நொடி ரோபோ நின்ற இடத்திலேயே நின்றுவிட வேண்டும். உள்ளே போய் அதற்கு வேலை கற்றுக்கொடுக்கும்போது கையில் டீச் பெண்டன்ட் என்ற கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அதன் பின்புறச் சுவிட்சைப் பாதி அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும். பயந்து கையை விட்டாலும் நிற்கும், பயந்து இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். அப்போதும் அதன் வேகம் வினாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முழு வேகத்தில் ஓடும் ரோபோவின் கை எட்டும் தூரத்தில் மனிதர் நிற்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவனுக்கு, ஓர் இரும்புக் கை தன்னைப் பிடித்து ஓங்குவதைத் திரையில் பார்ப்பது சின்ன விஷயமில்லை.

ரோபோக்களைச் சுட்டுத் தள்ளும் கேம்கள் ஏராளம். ரோபோவின் எடையை, அதன் பக்கத்தில் நிற்கிற அச்சத்தை, அந்த அச்சத்தைத் தாண்டி அதை நம்புவதை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட கேம் வேறொன்றை நான் பார்க்கவில்லை. அதே கேம் மற்ற ரோபோக்களிடம் காட்டுகிற அலட்சியம் என்னை இன்னும் உறுத்துகிறது. இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

கேம் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இது ‘ஷூட்டர்’ வகை. கதாபாத்திரத்தின் கண் வழியாகவே உலகம் தெரியும்; திரையின் கீழ்ப்பக்கம் நம் கையும் துப்பாக்கியும். செய்தவர்கள் கலிபோர்னியாவின் ரெஸ்பான் என்டர்டெயின்மென்ட். கால் ஆஃப் டூட்டி வரிசையைத் தொடங்கிய இன்ஃபினிட்டி வார்டின் தலைவர்களான ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா இருவரும் 2010-இல் அங்கிருந்து நீக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அவர்கள் தொடங்கிய நிறுவனம் இது. முதல் டைட்டன்ஃபால் 2014-இல் வந்தது. தனியாக உட்கார்ந்து விளையாடும் கதை அதில் இல்லை, இணையத்தில் மற்றவர்களோடு மோதுவது மட்டும்தான். 2016 அக்டோபர் 28-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் தனியாட்டக் கதை சேர்ந்தது. நான் பெரும்பாலும் பேசப்போவது அதைப் பற்றி.

கதை எளிமையானது. ஐஎம்சி என்ற பெரும் நிறுவனப் படை தொலைதூரக் கிரகங்களை ஆட்டிப்படைக்கிறது, மிலிஷியா என்ற படை அதை எதிர்க்கிறது. டைட்டன் என்பது மனிதர் உள்ளே ஏறி ஓட்டுகிற, ஆள் இல்லாதபோது தானாகவும் சண்டையிடத் தெரிந்த போர் ரோபோ. அதை ஓட்டுகிறவர் பைலட். மிலிஷியாவின் சாதாரணச் சிப்பாய் ஜாக் கூப்பருக்குப் பைலட் ஆகும் கனவு. அவனுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்துவந்த கேப்டன் லஸ்திமோசா, டைஃபன் என்ற கிரகத்தில் நடக்கும் தாக்குதலில் உயிர் போகிற தறுவாயில் தன் டைட்டனை அவன் பொறுப்பில் விட்டுப் போகிறார். அந்த டைட்டனின் பெயர் பிடி-7274. பி.டி. என்றுதான் கூப்பர் கூப்பிடுகிறான்.

அடுத்து வருகிற வேலை பேட்டரி தேடுவது. சண்டையில் நொறுங்கிக் கிடக்கும் பி.டி. எழுந்து நடக்க மின்சாரம் வேண்டும். காட்டுக்குள் அலைந்து பேட்டரி கொண்டுவந்து பொருத்த வேண்டும். வழியில் சுடுவதும் உண்டு, ஆனால் போகிற காரணம் பழுதுபார்ப்பு. ஓர் இயந்திரத்தோடு உறவு தொடங்க இதைவிடச் சரியான வழி இருக்க முடியாது. எங்கள் ஆலையிலும் பழுதாகி நின்ற ரோபோவைத் திறந்து, கிரீஸ் பூசிய கையோடு ஒரு முழு ஷிஃப்ட் அதோடு போராடியவன்தான் அந்த ரோபோவை ‘நம்ம வண்டி’ என்று சொல்வான்.

பி.டி.க்கு முகம் இல்லை. உடலின் நடுவே லென்ஸ் போன்ற ஒற்றைக் கண். அது சுருங்குவதிலும் திரும்புவதிலும்தான் எல்லா உணர்ச்சியும். க்ளென் ஸ்டைன்பாம் கொடுத்திருக்கும் குரல் ஆழமானது, அவசரமே இல்லாதது. குண்டு மழைக்கு நடுவிலும் ஒரே நிதானம். கூப்பருக்குக் குரல் கொடுத்த மேத்யூ மெர்சர் பதறப் பதற, அந்த நிதானம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. பி.டி. கேலியை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளும், சொல்லாத நகைச்சுவைக்குப் பதில் சொல்லும். கட்டை விரலை உயர்த்திக் காட்டுவதன் பொருளைக் கற்றுக்கொள்ளும்.

நாம் அதற்குள் ஏறுகிற விதத்தில் எவ்வளவு உழைப்பு என்று பாருங்கள். முன்னாலிருந்து ஓடிப்போனால் ஒரு விதமாக நம்மை அள்ளி நெஞ்சுக்கூட்டுக்குள் வைக்கிறது. பின்னாலிருந்து போனால் வேறு விதம், மேலிருந்து குதித்தால் இன்னொரு விதம். ஒவ்வொரு திசைக்கும் கையின் அசைவைத் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். கை நம்மை நெருங்கும்போது வேகம் தணிகிறது. இரும்புக்கும் மனிதச் சதைக்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்தத் தணிப்பு எங்களுக்கு அன்றாடக் கவலை. அதைச் செய்தவர்கள் யாரோ, நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

பி.டி.க்கு மூன்று கட்டளைகள். பைலட்டோடு இணைவது முதலாவது, பணியை நிறைவேற்றுவது இரண்டாவது, பைலட்டைக் காப்பது மூன்றாவது. ஐசக் அசிமோவ் 1942-இல் ஒரு சிறுகதையில் ரோபோக்களுக்காக வகுத்த மூன்று விதிகளில் மனிதருக்குத் தீங்கு வராமல் காப்பது முதலில் நிற்கும். இங்கே பணி முந்தி, உயிர் பிந்தி. ராணுவம் செய்த இயந்திரத்துக்குப் பொருத்தமான வரிசைதான். பணியும் பைலட்டும் எதிரெதிரே நிற்கும் நேரம் வந்தால் பி.டி. என்ன செய்யும் என்ற கேள்வி கதை முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. முடிவை இங்கே சொல்லமாட்டேன்.

கால்களின் சுதந்திரம் இந்த கேமின் அடுத்த பெரிய பலம். பைலட்டின் முதுகுக் கருவி காற்றிலேயே இன்னொரு தாவல் தரும். சுவரில் கிடையாக ஓடலாம், ஓட ஓட வேகம் கூடும். சுவரிலிருந்து தாவி, தரையில் சறுக்கி, மறுபடி சுவருக்கு ஏறும்போது சேர்த்த வேகம் வீணாவதில்லை. மற்ற ஷூட்டர்களில் ஓர் அறைக்குள் நுழைந்தால் எங்கே ஒளியலாம் என்று தேடுவோம், இதில் எந்தச் சுவரில் ஏறலாம் என்று தேடுவோம். வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சினைப் பெரிதும் மாற்றியமைத்து, கன்சோல்களிலும் வினாடிக்கு 60 சட்டகங்கள் ஓடும்படி செய்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்துவதற்கும் உடல் நகர்வதற்கும் நடுவே தாமதம் தெரியாததற்கு அது ஒரு காரணம். இப்படிக் காற்றாய்த் திரிந்துவிட்டு டைட்டனுக்குள் ஏறினால், ஒவ்வோர் அடிக்கும் தரை அதிர்கிறது. டைட்டனால் குதிக்க முடியாது. பக்கவாட்டில் ஒரு பாய்ச்சல், அவ்வளவே. எடையில்லாமையும் எடையும் மாறி மாறி வருவதால் இரண்டும் அலுக்கவில்லை.

‘இன்டு தி அபிஸ்’ என்ற கட்டத்துக்கு வருகிறேன். அது ஒரு தொழிற்சாலை. அங்கே தயாராவது வீடுகள்! தரையும் சுவரும் ராட்சதப் பலகைகளாக நகர்ந்து வருகின்றன. இயந்திரக் கைகள் அவற்றை எடுத்துத் திருப்பிப் பொருத்துகின்றன. பி.டி.யைப் பிரிந்த கூப்பர் அந்தப் பலகைகளின் மேலேயே ஓட வேண்டும். நின்ற தரை சாய்ந்து சுவராகும், சுவர் புரண்டு தரையாகும். நடுநடுவே சண்டை. கடைசியில்தான் அந்த வீடுகள் எதற்கென்று தெரிகிறது: போர்ப்பயிற்சிக்காக ஒரு பெரும் கூடாரத்துக்குள் கட்டுகிற பொய்யூர். மனிதர் குடியேறாத ஊருக்காக இத்தனை இயந்திரங்கள் ஓயாமல் வீடு கட்டிக்கொண்டிருக்கின்றன.

என் தொழில் கண்ணுக்கு அதில் குறைகள் உண்டு. வேலி எங்கே, அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று தேடிக்கொண்டே விளையாடினேன். ஆனாலும் அசெம்பிளி லைனின் தாளத்தைப் பிடித்துவிட்டார்கள். எடு, திருப்பு, பொருத்து, விலகு. அந்தத் தாளத்தைக் கேட்டுக் காலை வைத்தால் பிழைப்பீர்கள், எதிரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் விழுவீர்கள். இயந்திரங்களுக்கு நடுவில் வேலை செய்கிற எவருக்கும் இந்தக் கவனம் தெரியும். ஒரு கேமில் அது சொல்லில்லாமல் கற்பிக்கப்படுவதைப் பார்த்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இதற்கடுத்த பெரிய கட்டம் ‘எஃபெக்ட் அண்ட் காஸ்’. சிதைந்துபோன ஓர் ஆய்வுக்கூடம். கூப்பரின் மணிக்கட்டில் ஒரு கருவி மாட்டப்படுகிறது. பொத்தானை அழுத்தினால் அதே இடம் சிதைவதற்கு முந்தைய நாளுக்கு மாறும், மறுபடி அழுத்தினால் நிகழ்காலம். இன்று நெருப்பு எரிகிற நடைபாதை அன்று காவலர்கள் நிற்கும் பளபளப்பான கூடம். அன்று பூட்டியிருந்த கதவு இன்று உடைந்து கிடக்கிறது. அன்று மட்டுமே இருக்கும் சுவரில் ஓடி, காற்றில் இருக்கும்போதே காலத்தை மாற்றி, இன்று மட்டுமே இருக்கும் சுவரைப் பிடிக்க வேண்டும். மாற்றம் இமைப்பொழுதில் நடக்கிறது, காத்திருப்பே இல்லை. வரைபடத்தின் இரண்டு நகல்களை மேலும் கீழுமாக அடுக்கி, அழுத்தும்போதெல்லாம் நம்மை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுவதுதான் அதன் சூட்சுமம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வியப்பு இன்னும் கூடியது.

இந்தக் கருவியை வைத்தே ஒரு முழு கேம் செய்திருக்கலாம். ரெஸ்பான் அந்த ஒரு கட்டத்தோடு அதைக் கழற்றிவிடுகிறது. தொழிற்சாலையும் அப்படித்தான், வந்ததும் போய்விடும். ஒரு யோசனை கிடைத்தால் அதையே நாற்பது மணிநேரம் இழுக்கிற காலத்தில் இவர்களுடைய தாராளம் அபூர்வம்.

அந்தத் தாராளத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கதை ஏறக்குறைய ஆறு மணிநேரத்தில் முடிந்துவிடும். முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு அன்று வந்த ஏமாற்றம் நியாயமானது. நீளத்தைவிட எனக்குப் பெரிய குறை, பகைவர்கள். குபென் பிளிஸ்க் தலைமையில் ஒரு கூலிப்படை. கேன், ஆஷ், ரிக்டர், வைப்பர், ஸ்லோன் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். திரையில் பெயர் மின்னுகிறது, ஒரு மிரட்டல் வசனம், பிறகு சண்டை, சாவு. வானத்தில் பறந்து மோதும் வைப்பர் மட்டும் மனதில் நிற்கிறார். மற்றவர்கள் ஏன் கூலிக்குப் போரிடுகிறார்கள், கொல்வதைத் தவிர அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது தெரியாது. ஐஎம்சிக்கும் மிலிஷியாவுக்கும் என்ன வழக்கு என்பதும் மேலோட்டம்தான். முதல் பாகம் ஆடாதவர்களுக்கு இரண்டும் வெறும் சீருடை நிறங்கள்.

டைட்டன் சண்டைகளிலும் ஒரு சோர்வு உண்டு. பி.டி.க்கு வழிநெடுக வெவ்வேறு ஆயுதத் தொகுப்புகள் கிடைக்கும், சண்டை நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். எதிரியின் குண்டுகளைக் காற்றில் பிடித்துத் திருப்பி எறியும் கவசம் அருமையான யோசனை. ஆனால் டைட்டனுக்குள் ஏறியதும் வரைபடம் அகலமான சாலையாகிவிடுகிறது. பைலட்டுக்குக் கிடைத்த உயரமும் புதிர்களும் டைட்டனுக்குக் கிடைப்பதில்லை. ரோபோவின் பெயரையே தலைப்பில் வைத்த கேம், நல்ல கற்பனையை எல்லாம் மனிதனின் கால்களுக்குக் கொடுத்துவிட்டது.

இனி என்னை உறுத்துகிற விஷயம். எதிரிப் படையில் ஸ்டாக்கர் என்ற மனித உருவ ரோபோக்கள் உண்டு. கூட்டம் கூட்டமாக நடந்து வரும். காலைச் சுட்டு உடைத்தால் கையை ஊன்றித் தவழ்ந்து வரும். ரீப்பர் என்ற பெரிய வகை, டிக் என்ற வெடிக்கிற குட்டி ரோபோக்களை நம் மேல் ஏவும். இவற்றை நூற்றுக்கணக்கில் உடைக்கிறோம். எதிரி டைட்டனை வீழ்த்தும்போது பி.டி. அதன் மார்பைப் பிளந்து உள்ளிருக்கும் பைலட்டைப் பிடுங்கி எறிகிற காட்சியும் உண்டு. அந்த டைட்டனுக்கும் பி.டி.யைப் போல ஓர் அறிவு இருந்திருக்கும், தன் பைலட்டைக் காக்க ஒரு கட்டளை இருந்திருக்கும். கதை அதை ஒருமுறைகூட யோசிப்பதில்லை.

அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் படிக்கிறவன். “மாமா, அதுக்கெல்லாம் உசுரா இருக்கு? ரோபோதானே?” என்றான். “அப்ப பி.டி.?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. “பி.டி. பேசுதே மாமா” என்றான். அவன் சொன்னதுதான் கேமின் கணக்கும். பேசினால் நண்பன், பேசாவிட்டால் இலக்கு. ரோபோவைச் சுட்டால் ரத்தம் இல்லை, மனசு உறுத்தாது என்பதால் ஷூட்டர் செய்கிறவர்களுக்கு அது வசதி. மற்ற கேம்களில் இதை நான் பொருட்படுத்தவும் மாட்டேன். ஓர் இயந்திரத்துக்காக என் தொண்டையை அடைக்க வைத்த கேமிடம்தான் கேட்கத் தோன்றுகிறது. தவழ்ந்து வரும் ஒரு ஸ்டாக்கரைப் பார்த்து பி.டி. ஒரு வரி பேசியிருந்தால் போதும், இந்தக் கதை வேறு உயரத்துக்குப் போயிருக்கும். சண்டைக்கு வராத மார்வின் என்ற வேலைக்கார ரோபோக்களும் இந்த உலகத்தில் உண்டு. சுற்றிலும் குண்டு வெடிக்க, அவை தம் பாட்டுக்கு வேலை பார்க்கும். அவற்றின் மேல் குண்டு படாமல் சுடுவதை நான் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன்.

இணையச் சண்டைப் பகுதியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியானபோது ஆறு டைட்டன் வகைகள், 2017-இல் மோனார்க் என்ற ஏழாவது. பின்னால் வந்த வரைபடங்களை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் இன்று புதிதாக நுழைகிறவர், ஆண்டுக்கணக்கில் சுவரில் ஓடிப் பழகியவர்களிடம் மாட்டிக்கொள்வார். கணினி இயக்கும் சிப்பாய்களும் களத்தில் இருக்கும் ‘அட்ரிஷன்’ முறையில் தொடங்கினால் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

இவ்வளவு நல்ல கேம் ஏன் பலருக்குத் தெரியவில்லை? வெளியான தேதிதான் முதல் காரணம். ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 21-இல் பேட்டில்ஃபீல்ட் 1 வந்தது. இரண்டையும் வெளியிட்டது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ஒரே நிறுவனம். ஒரு வாரம் கழித்து நவம்பர் 4-இல் கால் ஆஃப் டூட்டி: இன்ஃபினிட் வார்ஃபேர். அதைச் செய்தது வெஸ்ட்டும் ஸாம்பெல்லாவும் நீக்கப்பட்ட அதே இன்ஃபினிட்டி வார்டு. இரண்டு பெரும் பெயர்களுக்கு நடுவில் இது நசுங்கியது, எதிர்பார்த்த விற்பனை இல்லை. அடுத்த ஆண்டு எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ரெஸ்பானையே வாங்கிக்கொண்டது. 2019 பிப்ரவரியில் இதே உலகத்தில் நடக்கும் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இலவசமாக வந்து உலகெங்கும் ஓடியது. வந்தபோது அதில் டைட்டன்கள் இல்லை, சுவர் ஓட்டமும் இல்லை. பாத்ஃபைண்டர் என்ற மார்வின் ரோபோ மட்டும் அதில் ஆடக்கூடிய பாத்திரமாகி, பேசவும் தொடங்கியது. எனக்கு அது ஓர் ஆறுதல். டைட்டன்ஃபாலின் மூன்றாம் பாகத்துக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

ஆட நினைக்கிறவர்களுக்கு: கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் மூன்றிலும் உண்டு. 2020 முதல் ஸ்டீமிலும் கிடைக்கிறது. தள்ளுபடி நாட்களில் மலிவாக வரும், அந்த விலைக்கு ஆறு மணிநேரக் கதை குறைவே இல்லை. முதல் பாகம் ஆடியிருக்க வேண்டாம். கொலையும் ரத்தமும் உள்ள கேம் என்பதால் சிறுவர்களுக்கு வேண்டாம். தொடக்கப் பயிற்சி ஓட்டத்தை நீங்கள் முடித்த நேரத்தைப் பார்த்து எந்தக் கடின அளவு சரியாக இருக்கும் என்று கேமே பரிந்துரைக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் ஸ்டீஃபன் பார்ட்டனின் இசையும் பி.டி.யின் மூட்டுகள் அசையும் ஒலியும் முழுதாகக் கிடைக்கும்.

இன்னொன்று. பி.டி. அவ்வப்போது ஏதாவது சொல்லும், திரையில் இரண்டு பதில்கள் தெரியும். எதைத் தேர்ந்தாலும் கதை மாறாது, அதுவும் இந்த கேமின் குறைகளில் ஒன்றுதான். ஆனாலும் பதில் சொல்லாமல் ஓடிவிடாதீர்கள். நின்று, ஒன்றைத் தேர்ந்து, அது திருப்பிச் சொல்வதையும் கேட்டுவிட்டு நகருங்கள். பி.டி.யின் நல்ல வரிகள் நிறைய அங்கேதான் இருக்கின்றன.